மூன்று ஆண்டுகள் காத்திருந்த வரிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ராப் பாடகர் மெல்லி மெல் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ராப் இசையில் ஏழைகளின் வாழ்க்கையைப் பாடிய முதல் குரல் என்று அவரைச் சொல்லியிருந்தீர்கள். அன்றிரவே ‘தி மெசேஜ்’ பாடலைத் தேடிக் கேட்டேன். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. வரிகளை எதிரில் வைத்துக்கொண்டு நான்கைந்து முறை கேட்ட பிறகு கண் கலங்கிவிட்டது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மேலும் தேடிப் படித்தேன், குழம்பிவிட்டேன். அந்தப் பாடலை எழுதியவர் பெரும்பாலும் அவரில்லை, இசைத்தட்டு நிறுவனத்தில் வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்த வேறொருவர் என்கிறார்கள். குழுவில் யாருக்கும் அதைப் பாட விருப்பமில்லை. மெல்லி மெல்லும் முதலில் தயங்கியிருக்கிறார். நிறுவனத்தின் முதலாளியம்மா வற்புறுத்தித்தான் பாட வைத்தார். அதற்கு முன் அவர்கள் பாடியதெல்லாம் கேளிக்கைப் பாட்டுகள். பிறகு பணத் தகராறில் குழு உடைந்தபோது இவர் நிறுவனத்தோடேயே இருந்துவிட்டார்.

அப்படியானால் இது வாடகைக்கு வந்த மனசாட்சிதானே? தான் எழுதாத பாட்டை, அரைமனதோடு பாடியவரை, சமூக உணர்வுள்ள கலைஞர் என்று எப்படிக் கொண்டாடுவது? நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். கல்லூரி நாட்களில் தெருநாடகக் குழு ஒன்றில் இருந்தேன். ‘நம்பாத வசனத்தைப் பேசாதே’ என்பதுதான் அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அதனால்தான் இது என்னை இவ்வளவு உறுத்துகிறது.

இந்த இசையில் பழக்கமில்லாத என்னைப் போன்றவர்கள் எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ச., திருச்சி

*

அன்புள்ள ச.,

நீங்கள் அடுக்கியிருக்கும் தகவல்கள் எல்லாமே சரியானவை. அவற்றை வைத்து நீங்கள் வந்து சேர்ந்திருக்கும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ‘வாடகைக்கு வந்த மனசாட்சி’ என்ற உங்கள் சொல் இரண்டு நாட்களாக என்னை விடவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் என் பிழையைத் திருத்திவிடுகிறேன். ‘முதல் குரல்’ என்று நான் எழுதியிருக்கக் கூடாது. 1968இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் உருவான ‘லாஸ்ட் போயட்ஸ்’ குழுவினர் தோல்வாத்திய ஒலியோடு கறுப்பின அரசியல் கவிதைகளை முழங்கினார்கள். எழுபதுகள் முழுக்கக் கவிஞரும் பாடகருமான கில் ஸ்காட்-ஹெரோன் அதே அரசியலைப் பாடினார். ராப் என்ற வடிவத்துக்குள்ளேயே பார்த்தாலும், ‘தி மெசேஜ்’ வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், 1980இல், பிரதர் டி என்ற பெயரில் நியூயார்க் ஆசிரியர் ஒருவர் கறுப்பின மக்களின் எழுச்சியைப் பற்றி ஓர் இசைத்தட்டு வெளியிட்டுவிட்டார். நீங்கள் ஆடிக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்களுக்கு எதிராக யார் யார் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள் தெரியுமா என்று கேட்கிற பாட்டு அது. அதிகம் பேரைச் சென்றடையவில்லை. மெல்லி மெல்லின் குரல் சென்றடைந்தது. அந்த அளவோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

இனி உங்கள் கேள்வி.

மெல்லி மெல் என்கிற மெல்வின் குளோவர் 1961இல் பிறந்தவர். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக்காரர். அவர் பையனாக இருந்து இளைஞனாக ஆன அந்தப் பத்தாண்டுகளில் பிராங்க்ஸின் தென்பகுதிக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் இந்தப் பாட்டைப் பற்றிப் பேசவே முடியாது. குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு ஒரு விரைவுச்சாலை அதற்கு முன்பே போடப்பட்டிருந்தது. அதற்காக ஆயிரக்கணக்கானோர் வீடு இழந்திருந்தார்கள். வசதி உள்ளவர்கள் வேறிடம் போனார்கள். வாடகை குறைந்துபோன கட்டடங்களை அவற்றின் சொந்தக்காரர்களே ஆள் வைத்துக் கொளுத்தி இன்சூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். அதே காலத்தில் நகர நிர்வாகம் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டித் தீயணைப்பு நிலையங்களை மூடிக்கொண்டிருந்தது. 1970க்கும் 1980க்கும் இடையில் பிராங்க்ஸின் ஏழு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டாரங்களில் 97 சதவீதத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தோ கைவிடப்பட்டோ இல்லாமல் போயின. 1977 அக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் அங்கிருந்த சார்லட் தெருவுக்குப் போய்ப் பார்த்தார். அந்தப் புகைப்படங்களைப் பாருங்கள். குண்டு போட்ட ஊர் என்று யாராவது சொன்னால் நம்பிவிடுவீர்கள்.

அந்த இடிபாடுகளுக்கு நடுவில்தான் நீங்கள் சொல்லும் கேளிக்கை பிறந்தது. 1973 ஆகஸ்டில் செட்ஜ்விக் அவென்யூவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் கூல் ஹெர்க் என்ற இளைஞர் இசைத்தட்டுகளைப் போட்டு ஒரு விருந்து நடத்தினார். ராப்பை உள்ளடக்கிய ஹிப் ஹாப் இசையின் பிறந்தநாளாக அதைத்தான் கொண்டாடுகிறார்கள். பாட்டில் குரல் அடங்கித் தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகள் வரும் அல்லவா, கூட்டம் எழுந்து ஆடுவது அந்த இடத்தில்தான் என்று அவர் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு அந்தச் சில நொடிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். அதைத் துல்லியமான கைத்தொழிலாக ஆக்கியவர் ஜோசப் சாட்லர் என்கிற கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ். மின்னணுவியல் படித்த பையன். இசைத்தட்டின் மேலேயே அடையாளக் கோடு போட்டு, எத்தனை சுற்றுப் பின்னால் திருப்பினால் தாளம் மறுபடி தொடங்கும் என்று கணக்கு வைத்து வாசித்தார்.

தொடக்கத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவரின் வேலை, இசைத்தட்டு போடுகிறவரைப் புகழ்வதும் கூட்டத்தை உற்சாகப்படுத்துவதும்தான். ஃப்ளாஷுக்கு அதைச் செய்துகொடுத்தவர்களில் முதலாமவர் கௌபாய் என்கிற கீத் விக்கின்ஸ். கையைத் தூக்கு, அசைத்துக்காட்டு என்று கூட்டத்தோடு பேசுவதில் அவர் மன்னன். பிறகு மெல்லி மெல்லும் அவர் அண்ணன் கிட் கிரியோலும் சேர்ந்தார்கள். ஆளுக்கு ஓர் அடி, பாதி அடி என்று ஒருவர் வாயிலிருந்து மற்றவர் பிடுங்கிச் சொல்லும் முறையை இந்த மூவரும் வளர்த்தார்கள். ஸ்கார்பியோவும் ரஹீமும் சேர்ந்து ஐந்து பேரானபோது அது ‘ஃபியூரியஸ் ஃபைவ்’ ஆயிற்று.

நீங்கள் கேளிக்கைப் பாட்டுகள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டவை இவை. தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் இழுத்துப் பூங்காவில் பாட்டுப் போட்டார்கள். பக்கத்துத் தெருவில் கட்டடம் எரிந்துகொண்டிருக்கும் ஊரில், இளைஞர்கள் கூடிச் சண்டையில்லாமல் விடியும்வரை ஆடினார்கள். இதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. 

1979இல் ஹார்லெமில் பாபி ராபின்சன் நடத்திய என்ஜாய் ரெக்கார்ட்ஸ் அவர்களுடைய ‘சூப்பராப்பின்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டது. உங்கள் கேள்விக்கான பதில் அதில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. ஐந்து குரல்கள் பந்து விளையாடுவதுபோல் அடிகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கின்றன. யார் நாங்கள், எவ்வளவு கெட்டிக்காரர்கள், எப்படி உங்களை ஆட வைப்போம் என்பதுதான் பாட்டு முழுக்க. அதற்கு நடுவே ஓரிடத்தில் மெல்லி மெல்லின் குரல் தனியாக வருகிறது. ஒரு குழந்தை பிறக்கிறது என்று தொடங்குகிறார். அதன் மனதில் ஒன்றும் எழுதப்படவில்லை. உலகத்தின் வழிகள் அதற்குத் தெரியாது. கடவுள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார், கூடவே முகம் சுளிக்கவும் செய்கிறார்.

அதற்குப் பிறகு அந்தக் குழந்தை ‘நீ’ ஆகிவிடுகிறது. நீ சேரியில் வளர்கிறாய், நீ விளையாடும் இடமும் வசிக்கும் இடமும் ஒரே பெரிய சந்துபோல் இருக்கின்றன. பெரிய காரில் வந்து பணத்தை இறைக்கும் சூதாட்டக்காரனையும் போதை விற்பவனையும் பார்த்து அவனைப்போல் ஆகவேண்டும் என்று ஆசைப்படுகிறாய். பள்ளியை விடுகிறாய். வேலை இல்லை. வழிப்பறி செய்கிறாய். எட்டு ஆண்டு சிறை. உள்ளே உன்னை மற்றவர்கள் சீரழிக்கிறார்கள். ஒருநாள் கொட்டடியில் நீ தூக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறாய். உடல் குளிர்ந்துவிட்டது, முன்னும் பின்னும் ஆடுகிறது.

நம் பழைய கவிதையில் கையறுநிலை என்று ஒரு துறை உண்டு. இறந்தவனை நினைத்து, செய்வதறியாமல் நின்று பாடுவது. நமக்குப் பழக்கமான கையறுநிலையில் இறந்தவன் வள்ளலாகவோ வீரனாகவோ இருப்பான். இங்கே இறந்தவன் பெயரில்லாத ஒரு வழிப்பறிக்காரன். அவனுக்காக யாரும் அழப்போவதில்லை. அவனை ‘நீ’ என்று கூப்பிட்டு, பிறந்த நாளிலிருந்து கூடவே நடந்துவந்து, கடைசியில் அந்த ஆடும் உடலை நிமிர்ந்து பார்க்கிறது இந்தக் குரல். பாடும்போது மெல்லி மெல்லுக்கு வயது பதினெட்டு. இந்த வரிகளை அவரிடம் யாரும் கேட்கவில்லை. எந்த முதலாளியம்மாவும் அப்போது அவருக்கு எதிரில் இல்லை. கொண்டாட்டப் பாட்டுக்குள் அவராகவே கொண்டுவந்து வைத்தது.

அதன் ஓசை அமைப்பையும் கவனியுங்கள். தமிழ்க் காது எதுகைக்கும் மோனைக்கும் பழகியது, ஒத்த ஒலியை அடியின் தொடக்கத்தில் எதிர்பார்க்கும். ராப்பில் எல்லாம் இயைபு. ஒலி ஒன்றுவது அடியின் முடிவில். கேட்கிறவன் அடி எப்படி முடியப்போகிறது என்று காத்திருக்கிறான். மெல்லி மெல் இந்தக் காத்திருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறார். இரண்டிரண்டு அடியாக ஒலி சேர்ந்து மூடிக்கொண்டே வருகிறது, ஒவ்வொரு மூடலிலும் அந்தப் பையனுக்கு ஒரு வழி அடைபடுகிறது. சூதாடி, திருடன், பிச்சைக்காரன் என்று வேகமாக ஒரு பட்டியல் வரும் இடத்தில் மட்டும் மூச்சுவிட இடமில்லாமல் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. மறுபடி அடி நிதானமாகும்போது பள்ளி போய்விட்டது, வேலையும் போய்விட்டது.

இனி ‘தி மெசேஜ்’. 1980இல் அவர்கள், நீங்கள் சொல்லும் முதலாளியம்மாவான சில்வியா ராபின்சனின் ஷுகர் ஹில் ரெக்கார்ட்ஸுக்கு மாறினார்கள். நியூஜெர்சியில் இருந்த நிறுவனம். அங்கே தாளவாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தவர் எட் ஃப்ளெட்சர். ட்யூக் பூட்டி என்பது மேடைப்பெயர். கல்லூரியில் படித்தவர், இவர்களைவிடப் பத்து வயது மூத்தவர். எலிசபெத் என்ற ஊரில் தன் தாயின் வீட்டில் இருந்துகொண்டு அந்தப் பாட்டை எழுதத் தொடங்கினார். 1980 ஏப்ரலில் நியூயார்க்கின் பஸ், ரயில் தொழிலாளர்கள் பதினொரு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலைக்குப் போக ரயில் இல்லை என்று பாட்டில் ஒரு வரி வருகிறதே, அந்தக் காலத்தின் தடம் அது. எங்கும் உடைந்த கண்ணாடி, சிறுநீர் நாறும் படிக்கட்டு, முன்னறையில் எலி, பின்னறையில் கரப்பான், கடன் வசூலிப்பவன் கணவன் இல்லாத நேரத்தில் போன் செய்து மனைவியை மிரட்டுவது, அம்மாவின் டிவியைத் திருடிவிட்டு அவள் அதிகம் பார்க்கிறாள், உடம்புக்கு ஆகாது என்று சொல்லும் தம்பி. இந்தப் புகழில் பெரும்பங்கு ஃப்ளெட்சருக்கு உரியது. அதை என் கட்டுரையில் நான் ஒரே வரியில் கடந்துபோனது நியாயமில்லை. பிற்காலத்தில் அவர் ஆசிரியராகிவிட்டார். ஜார்ஜியாவில் சவான்னா அரசுப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 2021 ஜனவரியில் காலமானார்.

குழுவினர் ஏன் பாட மறுத்தார்கள்? நாளெல்லாம் பட்ட கஷ்டத்தை மறக்க வருகிறவர்களிடம் அதே கஷ்டத்தைப் பாடினால் யார் ஆடுவார்கள் என்பதுதான் அவர்கள் கேள்வி. நாங்கள் கேளிக்கைக்கும் பெருமை பேசுவதற்கும் பழகியவர்கள், இதைச் செய்ய எங்களுக்கு விருப்பமில்லை என்று மெல்லி மெல்லே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நீங்கள் இதை நம்பிக்கையின்மை என்று படிக்கிறீர்கள். எனக்கு இதில் வேறொன்று கேட்கிறது. நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்களே, வீட்டுக் கஷ்டத்தை வாசலில் நின்று பேசாதே என்று. அந்தக் கூச்சம். ஃப்ளெட்சரால் நியூஜெர்சியில் இருந்துகொண்டு எழுத முடிந்தது. அந்தப் படிக்கட்டில் தினமும் ஏறி இறங்கியவர்களுக்கு அதை ஊரறியச் சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது. நடனத் தளத்தில் கிடைக்கும் சில மணி நேர மரியாதையை அவர்கள் பாடுபட்டுச் சம்பாதித்திருந்தார்கள். அதற்குள் எலியையும் கரப்பானையும் கொண்டுவர மனம் வருமா?

சில்வியா ராபின்சன் விடவில்லை. ஐவரில் மெல்லி மெல் மட்டும் இணங்கினார். பாட்டின் முக்கியமான குரல்கள் அவருடையதும் ஃப்ளெட்சருடையதும்தான். பாட்டுக்கு முடிவு தேவைப்பட்டது. ‘சூப்பராப்பின்’ இசைத்தட்டில் மூன்று ஆண்டுகளாகக் கிடந்த அந்தக் குழந்தையின் கதையை எடுத்துக் கடைசியில் வைத்தார்கள். நீங்கள் கண் கலங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த இடத்தில் என்று நீங்கள் சொல்லவில்லை. கடைசிப் பகுதியில் என்றால், அது மெல்லி மெல் எழுதியது.

அங்கே ஒன்று நடந்திருக்கிறது. 1979இல் அந்த வரிகளைச் சுற்றிலும் கைதட்டலும் கூச்சலுமாக இருந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அதைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். 1982இல் தாளம் மெதுவாகிவிட்டது. அன்றைய ராப் பாட்டுகளின் வேகத்தோடு ஒப்பிட்டால் இது நடந்துபோகிற வேகம். சின்தசைசரில் மேலிருந்து கீழே சொட்டுவதுபோல் ஒரு சிறு இசைத்துணுக்கு திரும்பத் திரும்ப வருகிறது. சுற்றிலும் வெற்றிடம். பல்லவி முடியும் இடங்களில் மெல்லி மெல் ஒரு சிரிப்புச் சிரிக்கிறார், மூச்சு தட்டித் தட்டி வெளியே வரும் சில ஒலிகள். விளிம்பில் நிற்கிறேன், தள்ளாதே என்று சொல்லிவிட்டுச் சிரிக்கும் சிரிப்பு. அதை எழுத்தில் யாரும் எழுதிக்கொடுத்திருக்க முடியாது. அந்த வெற்றிடத்தில் பல நிமிடம் நம்மை நடக்கவைத்து, எல்லாக் கதவும் சாத்தியபிறகு, பழைய வரிகள் வருகின்றன. அதே சொற்கள். கேட்கும் இடம் மட்டும் இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

பாட்டு அதோடு முடிவதில்லை. தெருமுனையில் சில நண்பர்கள் சந்தித்துக்கொள்ளும் பேச்சொலி கேட்கிறது. இன்று எங்கே போகலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். போலீஸ் கார் வந்து நிற்கிறது. யாரும் அசையக்கூடாது என்று அதட்டல். நாங்கள் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ், ஃபியூரியஸ் ஃபைவ் என்று ஒருவர் சொல்கிறார். அது என்ன, ரவுடிக் கும்பலா என்று போலீஸ்காரர் கேட்கிறார். காரில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பாட மறுத்த மற்றவர்களின் குரல் பாட்டில் வருவது இந்த ஓரிடத்தில்தான். தங்கள் சொந்தப் பெயரைச் சொல்கிறார்கள், அந்தப் பெயருக்காகவே சந்தேகிக்கப்பட்டுக் கைதாகிறார்கள். முன்பு சொன்ன குழந்தையும் இவர்களும் ஒரே தெருவில் பிறந்தவர்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இந்தப் பாட்டை நான் முதலில் கேட்டது நண்பரின் அறையில், பிரதி எடுத்த கேசட் ஒன்றில். அட்டையில் நீலப் பேனாவால் ‘ஃப்ளாஷ்’ என்று மட்டும் எழுதியிருந்தது. பாடுவது ஃப்ளாஷ் என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். உலகில் பலரும் இன்றும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இசைத்தட்டில் குழுவின் பெயர்தான் பெரிதாக இருந்தது, அதில் முதலில் வருவது ஃப்ளாஷின் பெயர். பாட்டு அமெரிக்காவில் ஆர் அண்ட் பி எனப்படும் கறுப்பின இசையின் விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம்வரை போனது. புகழ் ஃப்ளாஷின் பெயருக்குப் போயிற்று, பணம் யாருக்கும் சரியாகப் போகவில்லை என்பது குழுவின் குறை. 1983இல் உரிமைத்தொகைக்காகவும் பெயருக்காகவும் ஃப்ளாஷ் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார். கிரியோலும் ரஹீமும் அவரோடு போனார்கள். மெல்லி மெல், கௌபாய், ஸ்கார்பியோ நிறுவனத்திலேயே இருந்தார்கள். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்.

இங்கே உங்கள் வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு. நியாயமான கூலி கேட்டுப் போனவர்களோடு அவர் போயிருக்கலாம். அடுத்து வந்த, போதைப்பொருள் பற்றிய ‘ஒயிட் லைன்ஸ்’ இசைத்தட்டில் ‘கிராண்ட்மாஸ்டர் & மெல்லி மெல்’ என்று அச்சிட்டு, ஃப்ளாஷும் பாடியிருப்பதாக வாங்குபவர்கள் நினைக்கும்படி செய்தார்கள். அதன் அடிநாத இசை ‘லிக்விட் லிக்விட்’ என்ற குழுவின் பாட்டிலிருந்து எடுத்தது, அதற்கும் வழக்கு வந்தது. இவற்றையெல்லாம் நான் மறைக்கப்போவதில்லை. ஆனாலும் அந்தப் பாட்டில் ஓரிடம் இருக்கிறது. தெருப் பையன் ஒருவன் போதைப்பொருளோடு பிடிபட்டுச் சிறைக்குப் போகிறான். வெளியே வந்து மறுபடி குற்றம்தான் செய்யப்போகிறான். தொழிலதிபர் ஒருவர் 24 கிலோவோடு பிடிபடுகிறார், ஜாமீனில் வெளியே வந்துவிடுகிறார். கார் தயாரிப்பாளர் ஜான் டிலோரியன் 1982இல் போதைப்பொருள் வழக்கில் கைதானது அப்போது ஊரெல்லாம் பேசிய செய்தி, கேட்டவர்களுக்கு யாரைச் சொல்கிறார் என்று உடனே புரிந்தது. 1979இல் தூக்கில் தொங்கிய பையனின் அருகில் இப்போது ஜாமீனில் வந்தவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பிரிட்டனில் 1984இல் ஏழாம் இடம்வரை வந்த, இன்றும் ஆட்டத்துக்குப் போடப்படும் பாட்டு இது.

வாடகை மனசாட்சி என்றால் ஒரு பாட்டோடு வாடகை முடிந்திருக்க வேண்டும். 1984இல் மட்டும் என்ன செய்தார் என்று பாருங்கள். அணு ஆயுதப் போரின் அச்சத்தை ‘வேர்ல்ட் வார் த்ரீ’ என்று பாடினார். கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் ஜனாதிபதி வேட்பாளர் தேர்வில் நின்றபோது அவருக்கு வாக்குக் கேட்டு ‘ஜெஸ்ஸி’ என்ற இசைத்தட்டு போட்டார். ராப் பாட்டில் தேர்தல் பிரசாரம் என்பதே அன்றைக்குப் புதிது. வெல்ல வாய்ப்பில்லாத கறுப்பின வேட்பாளர் என்று எல்லோரும் சொன்ன அந்த மனிதருக்கு 30 லட்சத்துக்கு மேல் வாக்கு விழுந்தது. அதே ஆண்டில் ‘பீட் ஸ்ட்ரீட்’ படத்துக்காக எழுதிய பாட்டில் ஒரு சிலேடை வைத்தார். நீதி என்பதற்கான ஆங்கிலச் சொல் ‘ஜஸ்டிஸ்’. அதைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் ‘ஜஸ்ட் அஸ்’, நாம் மட்டும். நீதியைத் தேடிப் போனேன், வேலையில்லாதவர்களின் வரிசையில் நாம் மட்டும் நிற்கிறோம் என்கிறார். விடியலிலிருந்து இருட்டும்வரை வேர்வை சிந்துவதும் நாம் மட்டும். சொல்லை உடைத்தது அவர் முதலில் இல்லை, நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையர் மேடையில் சொல்லிவிட்டார். ஆனால் அதை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியது இவர்.

அந்த ஆண்டிலேயே உலகம் அவர் குரலை மிக அதிகமாகக் கேட்டது வேறொரு பாட்டில். சாகா கான் பாடிய ‘ஐ ஃபீல் ஃபார் யூ’ தொடங்கும்போது அந்தப் பாடகியின் பெயரைத் திக்கித் திக்கித் திரும்பச் சொல்வது மெல்லி மெல். கோடிக்கணக்கானோருக்கு அந்தக் குரல் தெரியும், யாருடையது என்று தெரியாது. அவர் வாழ்க்கை முழுக்க இது நடந்திருக்கிறது.

அதன்பின் காலம் வேகமாக ஓடிவிட்டது. ரன்-டிஎம்சி என்ற ராப் குழுவினர் வந்தார்கள், வெறும் தாளமும் கறுப்புத் தொப்பியுமாக. தோலுடையும் மென்மயிர் உடையும் அணிந்து மேடையேறிய இவர்கள் மூன்றே ஆண்டுகளில் பழையவர்களாகிவிட்டார்கள். ஷுகர் ஹில் எண்பதுகளின் நடுவில் மூடப்பட்டது. 1988இல் பழைய குழு மறுபடி சேர்ந்து ஓர் ஆல்பம் வெளியிட்டது, கவனிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு கௌபாய் இறந்துபோனார். இசைத் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸின் ‘பேக் ஆன் தி பிளாக்’ பாட்டில் மற்றவர்களோடு பங்கெடுத்ததற்காக மெல்லி மெல்லுக்கு கிராமி கிடைத்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2002ஆம் ஆண்டுக்கு, என்றென்றும் பாதுகாக்க வேண்டியவை என்று தேர்ந்தெடுத்த முதல் 50 ஒலிப்பதிவுகளில் ‘தி மெசேஜ்’ ஒன்று. ராக் அண்ட் ரோல் புகழ்க் கூடத்தில் 2007இல் இடம்பெற்ற முதல் ஹிப் ஹாப் குழுவும் இவர்களே. அதற்கெல்லாம் முன்பே பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவும், அதே தெற்கு பிராங்க்ஸிலிருந்து கேஆர்எஸ்-ஒன் என்ற ராப் பாடகரும் எழுந்துவிட்டார்கள். தங்கள் வாழ்க்கையைத் தாங்களே பாடலாம், அதையும் ஊர் கேட்கும் என்று அவர்களுக்கு யாரும் நிரூபித்துக்காட்ட வேண்டியிருக்கவில்லை. மெல்லி மெல்லின் தலைமுறைக்கு அந்த நிச்சயம் இல்லை.

உங்கள் தெருநாடகக் குழுவின் பாடத்துக்கு வருகிறேன். நம்பாத வசனத்தைப் பேசாதே. எனக்கும் அது பிடித்திருக்கிறது. ஆனால் உங்கள் குழுவிலேயே இப்படி ஒருவர் இருந்திருப்பாரே, நினைத்துப் பாருங்கள். வசனத்தை முழுக்க நம்புகிறவர், ஆனால் தன் தெருவில், தன் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை உரக்கச் சொல்ல வாய் வராதவர். யாராவது முதுகில் கைவைத்துத் தள்ளினால்தான் முன்னால் வருவார். வந்தபிறகு அவர் பேசியதைக் கூட்டம் மறந்திருக்காது. மெல்லி மெல் அந்த வகை என்றுதான் நான் நினைக்கிறேன். தள்ளிய கைக்கு வியாபார நோக்கம் இருந்தது, சந்தேகமில்லை. சில்வியா ராபின்சனுக்கு நல்ல பாட்டு எது என்றும் தெரிந்திருந்தது. இரண்டும் ஒரே பெண்மணியிடம் இருந்தன.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ‘சூப்பராப்பின்’ கேளுங்கள். வரிகளைப் பார்க்காமல், ஐந்து பேரும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பதை மட்டும் கேளுங்கள். குழந்தை பிறக்கும் இடம் வரும்போது உங்களுக்கே தெரிந்துவிடும், ஏற்கெனவே கேட்ட வரிகள்தானே. அதன்பிறகு ‘தி மெசேஜ்’, கடைசியில் போலீஸ் கார் போகும் ஒலி அடங்கும்வரை. பிறகு ‘பீட் ஸ்ட்ரீட்’. கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.